அம்மா வந்த வீட்டில் டாக்டருக்கு இடம் உண்டா?

இளைஞர் வகுப்பில் உடல்நலம் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “அண்ணா, தம்பிக்கு அம்மா போட்டிருக்கு. டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. கூட்டிக்கிட்டுப் போனா சாமி குத்தமா?” கேட்கிற பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். இந்த மாதப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

“எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. குழந்தைக்கு ஊசி போடறதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?” என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கைக்குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த மலாய்த் தாளைப் படித்துச் சொல்வது யார்? மருந்துப் பாட்டிலின் லேபிளைப் பார்ப்பது யார்? ராத்திரி பத்து மணிக்கு கிராப் பிடிப்பது யார்? வாட்ஸ்அப்பில் வருகிற “ஊசி போடாதீங்க” செய்தியைக் குடும்பக் குழுவில் தட்டிவிடுவதும் சில நேரம் நீங்கள்தான். ஆகவே அக்கா பிள்ளையின் உடம்பு பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஒரே பெயர், பல நோய்

நம் முன்னோர் இந்த நாட்டுக்குத் தோட்ட வேலைக்கு வந்தபோது மாரியம்மனையும் கூடவே கொண்டு வந்தார்கள். லயம் இருந்த இடத்தில் அம்மன் கோயிலும் இருந்தது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் தோன்றியது. அந்தக் காலத்தில் பெரியம்மை வந்தால் மருந்து கிடையாது. பிழைத்தவர் முகத்தில் குழி குழியாய்த் தழும்பு இருக்கும், சிலருக்குக் கண் போய்விடும். மருந்தே இல்லாத நோய்க்கு முன்னால் நின்ற மனிதன் அம்மாவின் காலைப் பிடித்தான். இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர்கள் வைத்த கட்டுப்பாடுகளையும் கவனியுங்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வரமாட்டார். நோயாளியைத் தனியாகப் படுக்க வைப்பார்கள். மெல்லிய பருத்தித் துணி விரிப்பார்கள். இளநீர், மோர் என்று நீர் ஆகாரம் கொடுப்பார்கள். வீட்டில் விசேஷம் வைக்கமாட்டார்கள், அந்த வீட்டார் வேறு வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டார்கள். கோவிட் காலத்தில் குவாரண்டின் என்று நாம் புதிதாய்ப் படித்தோமே, அதைத்தான் பாட்டி வீட்டில் வேப்பிலை சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியம்மைக்கு முடிவு கட்டியது தடுப்பூசி. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், மாட்டுக்கு வரும் அம்மையின் நீரை ஒரு சிறுவன் கையில் கீறிச் செலுத்தினார். பெரியம்மை அந்தப் பையனைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தடுப்பூசிக்குச் சொல்லும் ‘வேக்சின்’ என்ற பெயரே லத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் பெரியவர்கள் இதை ‘அம்மை குத்துறது’ என்றார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல் கண்டறியப்பட்டார். இயற்கையாய்ப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, அந்த நோய் பூமியிலிருந்து ஒழிந்தது என்று அறிவித்தது. அதனால் ஒரு மாரியம்மன் கோயிலும் மூடப்படவில்லை, ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும் நிற்கவில்லை.

பெரியம்மை போய்விட்டது. ‘அம்மை’ என்ற பெயர் மட்டும் மற்ற நோய்கள் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. உடம்பில் ஏதாவது பொரிப்பொரியாய் வந்தால் நாம் எல்லாவற்றையும் “அம்மா வந்திருக்கா” என்று ஒரே கூடையில் போடுகிறோம்.

சின்னம்மை ஒரு நோய். நீர் கோத்த கொப்புளங்கள் உடம்பில் தொடங்கிக் கூட்டம் கூட்டமாய் வரும், அரிக்கும். ஆரோக்கியமான சின்னப்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே காய்ந்துவிடும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற பாட்டியின் எண்ணம் இங்கே ஓரளவு சரிதான். நகத்தை வெட்டிவிடுங்கள். தினமும் இதமான தண்ணீரில் குளிக்க வைக்கலாம், மூன்று தண்ணி ஊற்றும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வ நோய் ஒன்றை அது கொண்டுவரும். இபுபுரோஃபென் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அம்மியில் இருப்பதெல்லாம் புண்ணுக்குள் போகும். வேப்பங்கொத்தால் மெதுவாக வருடிவிடுங்கள், அதனால் கெடுதல் இல்லை.

சின்னம்மை யாருக்கு ஆபத்து என்றால் பிறந்த குழந்தைக்கு, கர்ப்பிணிக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு. உங்களைப் போன்ற வளர்ந்தவர்களுக்கும் அது சின்னப்பிள்ளைகளைவிடக் கடுமையாக வரும். இவர்களில் யாருக்காவது கொப்புளம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அதற்கான வைரஸ் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் நாள் போனால் பலன் குறைவு. “அம்மா இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பதன் விலை இதுதான்.

மணல்வாரி வேறு நோய். தட்டம்மை என்றும் சொல்வார்கள். முதலில் கடுமையான காய்ச்சல், வறட்டு இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண். மூன்று, நான்கு நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் மணல் தூவியது போலச் சிவப்பாகப் பொரிந்து கீழே இறங்கும். இது நிமோனியாவில் கொண்டுவிடும், மூளைக் காய்ச்சலாகும், பார்வையைக் கெடுக்கும். காற்றில் பரவுகிற நோய் இது. நோயாளி எழுந்து போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி மிதந்துகொண்டிருக்கும். தடுப்பு இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு ஒட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே 2019-இல் கிளந்தான் குவா மூசாங்கில், கோலா கோ கிராமத்து பாத்தேக் பழங்குடி மக்களிடையே இந்த நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. மணல்வாரியை வேப்பிலையோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. டாக்டர் பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ மருந்தும் கொடுப்பார்கள், கண்ணையும் உயிரையும் காக்க அது உதவும். போகும்போது கிளினிக்குக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் கைக்குழந்தைகளுக்கு ஒட்டிவிடக் கூடாது.

பொன்னுக்கு வீங்கி மூன்றாவது. காதுக்குக் கீழே கன்னம் வீங்கும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவது நம் வழக்கம். சங்கிலி கழுத்தில் இருக்கட்டும், ஆனால் பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, வயது வந்த பையனுக்கு விதையில் வீக்கம் வந்தாலோ உடனே கிளினிக்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அம்மா வந்த வீட்டில் டாக்டருக்குத் தாராளமாய் இடம் உண்டு. பாட்டியிடம் சண்டை போடாதீர்கள். “பாட்டி, விளக்கு ஏத்துங்க, வேப்பிலை வைங்க, திருநீறு பூசிவிடுங்க. இது சின்னம்மையா மணல்வாரியான்னு மட்டும் காட்டிட்டு வந்துடறோம்” என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பாட்டிகள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் பேரன் முக்கியம்.

ஊசி அட்டவணை

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், குழந்தைக்கு இந்த ஊசிகள் இலவசம். பிறந்தவுடன் காசநோய்க்கு பி.சி.ஜி.யும் ஹெபடைடிஸ் பி ஊசியும். பிறகு 2, 3, 5 மாதங்களில் ‘ஆறு-ஒன்றில்’ ஊசி, 18 மாதத்தில் அதே ஊசி இன்னொரு தடவை. தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் இருமல், போலியோ, ஹிப், ஹெபடைடிஸ் பி என்ற ஆறுக்கும் ஒரே குத்து. 4, 6, 15 மாதங்களில் நிமோனியாவைக் கொண்டுவரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு. 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும் எம்.எம்.ஆர்., மேலே சொன்ன மணல்வாரி, பொன்னுக்கு வீங்கி, கூடவே ரூபெல்லா மூன்றுக்கும். சபாவில் 6-ஆம் மாதமே ஒரு மணல்வாரி ஊசி உண்டு. சரவாக்கில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தனி ஊசி. ஏழு வயதில் பள்ளிக்கே வந்து போடுவார்கள். 13 வயதில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, இது 2010-இல் தொடங்கியது. 15 வயதில் டெட்டனஸ். அட்டவணை அவ்வப்போது மாறும். ஆகவே குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் மிஸ்ஸி எழுதிக்கொடுக்கும் தேதிதான் கடைசி வார்த்தை.

சின்னம்மை ஊசி இந்த இலவசப் பட்டியலில் இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டும், ஒரு வயதுக்கு மேல் இரண்டு தடவை. வசதி இருக்கிற குடும்பத்துக்கு அது நல்ல செலவு என்பது என் கருத்து. பிறந்தநாள் கேக்கில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை.

“இந்த நோயெல்லாம் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 2016-இல் கெடாவிலும் மலாக்காவிலும் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தார்கள். ஊசி போடாத பிள்ளைகள். 2000-இல் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2019 டிசம்பரில், சபா துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு போலியோ கண்டறியப்பட்டது. நோய் ஊரைவிட்டுப் போவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மணல்வாரியை நிறுத்தி வைக்க 100 பிள்ளைகளில் 95 பேருக்காவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் ஊசி போட முடியாது. அவர்களுக்குக் கவசம் மற்ற 95 பேர்தான்.

ஊசி தள்ளிப்போவதற்கு நம் வீடுகளில் நான் கேட்ட காரணங்களில் முதல் இடம் “கொஞ்சம் சளி இருக்கு”. லேசான சளி, இருமலுக்காக ஊசியை நிறுத்தத் தேவையில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் மிஸ்ஸியிடம் கேட்டுச் சில நாள் தள்ளலாம். அடுத்த காரணம் “நாள் சரியில்லை”. அரசாங்கக் கிளினிக் ராகு காலம் பார்த்துத் திறப்பதில்லை, நோயும் பார்ப்பதில்லை. மூன்றாவது, “ரெண்டு ஊசி விட்டுப்போச்சு, இனி போனா திட்டுவாங்க”. திட்டினாலும் போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், முதலிலிருந்து தொடங்கமாட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லை என்ற பயத்தில் கிளினிக் வாசலையே மிதிக்காத குடும்பங்களும் நம்மில் இருக்கின்றன. அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால், மலாய் நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் கூடவே போய்க் கிளினிக்கில் கேளுங்கள். அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பாதி பயம் குறையும். ஆறு-ஒன்றில் போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை வரலாம். ஒன்றிரண்டு நாளில் சரியாகும். எம்.எம்.ஆர். அப்படியல்ல. காய்ச்சலும் லேசான பொரியும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். “அம்மா வந்துட்டா” என்று அப்போது பதற வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரத்தில் வீங்கிச் சீழ் கட்டிப் பிறகு தழும்பாகும். அதைப் பிதுக்காதீர்கள். அதன் மேல் எண்ணெயோ மஞ்சளோ வைக்காதீர்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருங்கள். ஒவ்வாமை அபூர்வமாய்த்தான் வரும், வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அங்கே மருந்தும் கையோடு இருக்கும்.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒரே ஒரு பத்தி போதும். எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற கதை 1998-இல் இங்கிலாந்தில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்த இதழே 2010-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டு கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

இன்னொரு கேள்வியை நம் பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். “ஊசியில மாட்டுப் பொருள் கலந்திருக்காமே?” மறைக்க வேண்டியதில்லை. சில தடுப்பூசிகளில் மருந்து கெடாமல் இருக்க ஜெலட்டின் சேர்க்கிறார்கள், அது விலங்கிலிருந்து வருவது. சில கிருமிகளை வளர்க்கக் கன்றின் இரத்த நீரைப் பயன்படுத்துகிறார்கள், சுத்திகரித்த பிறகு மிக நுண்ணிய அளவே மிஞ்சலாம். நம் சமயத்தில் இதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒரே தலைமைப் பீடம் என்று இல்லை. ஆகவே என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். நாம் அதை ருசிக்காகச் சாப்பிடவில்லை. பேசத் தெரியாத ஒரு குழந்தை மூச்சுத் திணறிச் சாகாமல் இருக்கப் போடுகிறோம். சைவம் காக்கும் வீட்டிலும் குழந்தையைக் காப்பதுதான் முதல் கடமை. ஜெலட்டின் இல்லாத மாற்று ஊசி உண்டா என்று கேட்பதில் தவறில்லை, கிளினிக்கில் தாராளமாய்க் கேளுங்கள். மாற்று கிடைக்கும் வரை ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

காய்ச்சல் ராத்திரி

பிள்ளை வளர்ப்பில் அதிகம் வருவது காய்ச்சல். வெப்பமானியில் 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல். கையை வைத்துப் பார்ப்பது நம்பிக்கையானதல்ல, ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வையுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 வந்தால் வீட்டில் எதுவும் முயல வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பாராசிட்டமால் அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பத்து கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் சிரப் இரண்டு விதமாய்க் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. அதே பத்து கிலோ பிள்ளைக்கு முதல் பாட்டிலில் சுமார் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டில் மாறி அதே ஆறு மில்லியை ஊற்றினால் மருந்து இரண்டு மடங்கு. லேபிளைப் படிக்கும் வேலை உங்களுடையது. சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள், மருந்தோடு வரும் சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள்.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்ப்பவருக்கு உயிர் போனது போல இருக்கும். அந்த நேரத்தில் வாயில் கரண்டி வைக்காதீர்கள், கையில் இரும்பு திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பிடித்து அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, போனில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. அதற்குள் நின்றாலும், முதல் தடவை என்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் எந்தக் காய்ச்சலிலும் டிங்கி ஞாபகத்தில் இருக்க வேண்டும். டிங்கி என்று சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். டிங்கியில் ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நேரம்தான். “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று வீடு நிம்மதியாகும்போதுதான் சிலருக்கு நிலைமை மோசமாகும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிட்டுச் சோர்ந்து படுப்பது, இதில் ஒன்று கண்டாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் நம் பாட்டிகளின் கண் கூர்மையானது. “உச்சிக்குழி உள்ளே போயிருக்கு பாரு” என்பார்கள். குழந்தை உடம்பில் தண்ணீர் வற்றியிருப்பதற்கு டாக்டரும் பார்க்கிற அடையாளம் அதுதான். அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாய் டயப்பர் நனையாதது, இவையும் அதே செய்தி. ‘தோஷம், மந்திரிக்கணும்’ என்று பாட்டி அடுத்த முடிவுக்குப் போகும்போதுதான் நாம் குறுக்கே வர வேண்டும். சுற்றிப்போட இரண்டு நிமிடம்தான், போடட்டும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரையுங்கள், பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில். பொட்டலம் இல்லையென்றால் ஆற வைத்த ஒரு லிட்டர் கொதிநீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல், கண் திட்டத்தில் போடக்கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒவ்வொரு கரண்டியாய். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். தே-ஓவும் 100 பிளஸும் இதற்கு ஈடாகாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது.

இருமலில் சத்தத்தைவிட மூச்சின் வேகம் முக்கியம். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

கை கால் வாய் நோய் வந்த பிள்ளையைக் கொப்புளம் காயும் வரை தாடிக்காவுக்கு அனுப்பாதீர்கள். கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான், சானிடைசர் அந்தக் கிருமியைச் சரியாகக் கொல்லாது. வாய்ப் புண்ணுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கலாம், பாட்டி முறைத்தாலும். தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டு உதறினால், நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரி.

பூஜை அறையும் அலமாரியும்

சளி பிடித்த குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். இதை நிறுத்தியே ஆக வேண்டும். சூடம் குழந்தைக்கு விஷம். தோல் வழியாகவும் ஏறும், வாயில் போட்டால் சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம். ஒரு சின்ன வில்லையே தவழும் பிள்ளைக்குப் போதும். வெள்ளையாய் மிட்டாய் போல இருக்கும் அது, பூஜை அறையின் கீழ்த்தட்டில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்தான் பல வீடுகளில் இருக்கிறது. இன்றைக்கே மேலே ஏற்றி வையுங்கள். கடையில் விற்கும் சூடம் கலந்த தைலங்களும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம்.

அலமாரியில் புடவைக்கு நடுவே போடும் அந்துருண்டையும் அப்படித்தான். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் வாசனையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள், முடிவு பதிவுப் புத்தகத்தில் இருக்கும். பெரிய பிள்ளையின் பழைய சட்டைகளை அந்துருண்டை போட்டுக் கட்டி வைத்துச் சின்னதுக்கு எடுத்துப் போடுவது நம் சிக்கனம். அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர வைக்கும், மூச்சும் நிற்கலாம். சடங்கு நடக்கட்டும், பெரியவர்கள் ஆசியும் சொல்லட்டும். நாக்கில் தொட்டு வைக்கத் தாய்ப்பால் ஒரு சொட்டு போதுமே.

அடுத்த வகுப்புக்கு

வரும்போது உங்கள் சொந்தப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வாருங்கள். அம்மாவின் அலமாரியில், பிறப்புப் பத்திரத்தோடு இருக்கும். எம்.எம்.ஆர். இரண்டும் போட்டிருக்கிறதா, 15 வயது டெட்டனஸ் போட்டாயிற்றா என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் எச்.பி.வி. பக்கத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு நிச்சயம் ஆன அக்காமார் வீட்டில் இருந்தால், ரூபெல்லா ஊசியும் சின்னம்மையும் பற்றி இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் கெடும். கர்ப்பமான பிறகு அந்த ஊசியைப் போட முடியாது.

வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அதன் அடுத்த ஊசித் தேதியை உங்கள் போனில் பதிந்துகொண்டு வாருங்கள். இன்னொரு வேலையும் உண்டு. தாத்தா, பாட்டி யாருடைய மேல்கையிலாவது அம்மை குத்தின வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தோட்டத்தில், யார் வந்து குத்தினார்கள், அன்றைக்கு லயத்தில் யாரெல்லாம் ஒளிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்.